பொடி மட்டையும் இருநூறாம் நம்பர் குப்பியும்

அந்த இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு வைத்தியலிங்கம், தன் மனைவியின் தலைவலி மருந்தை ஒரு குப்பி முழுக்க வாயில் கொட்டிக்கொண்டார். உயிரின் மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. அது ஒரு சோதனை. அவருக்குத் தெரிந்த வரையில், முற்றிலும் அலுவல் முறைப்படியான சோதனை.

அவர் முத்திரை ஆய்வாளர். தராசிலும் படிக்கல்லிலும் அரசாங்க முத்திரை இருக்கிறதா, முத்திரை இருந்தாலும் எடை சரியாக இருக்கிறதா என்று கடை கடையாகப் பார்க்கிற உத்தியோகம். சேரன்மகாதேவி சந்தையில் அவர் சைக்கிள் திரும்பினால் பாதிப் பேர் தராசைக் கோணிக்குள் சுருட்டுவார்கள். ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய்க் கடைகளில் அவர் வந்துவிட்டுப் போகிற வரைக்கும் கணக்குப்பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் நம்பிய தராசு ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சந்தேகத்தை அவர் ஆபீசோடு விட்டுவிட்டு வருகிறவரும் அல்ல. கல்யாணமான மூன்றாம் நாள், பிரம்மநாயகி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை உழக்கில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டு உழக்கு கொஞ்சம் குறையுது" என்று சொன்னவர். அவர் அதை அன்றைக்கே மறந்துவிட்டார். பிரம்மநாயகி மறக்கவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. பறிமுதல் செய்கிற பொருளைப் பட்டியல் போட்டு, சாட்சி வைத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குகிற காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். மற்றவர்கள் அதைக் கடையில் உட்கார்ந்து எழுதுவார்கள். வைத்தியலிங்கம் எழுத மாட்டார்.

"முந்தின நாளே எழுதி வச்சிரணும், தெரியுமா?" என்று சாப்பிடும்போது சொல்லுவார். "பேரும் எடையும் மட்டும் காலியா விட்டாப் போதும். கடையில போயி உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா ஆள் கூடிரும்."

அந்த மகஜரில் ஒரு நகலைக் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்கும்படி கொடுத்துவிட்டு வருவது அவருடைய இன்னொரு வழக்கம். பிரம்மநாயகி ரசம் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி. இங்கிலீஷ் மருந்து ஒரு வருஷம் சாப்பிட்டாள். கேட்கவில்லை. யாரோ சொல்லி, பாளையங்கோட்டையில் இஸ்ரவேல் சாரிடம் போனாள். இஸ்ரவேல் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டு வராந்தாவில் ஒரு மரப்பெட்டியையும் அதற்குள் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குப்பிகளையும் வைத்துக்கொண்டு ஹோமியோபதி மருந்து கொடுப்பவர். அவள் போவதில் வைத்தியலிங்கத்துக்கு ஆட்சேபணை இருக்கவில்லை, அவள் ஓர் அட்டையைக் கொண்டுவந்து அடுக்களைச் சுவரில் ஒட்டுகிற வரைக்கும்.

'மருந்து சாப்பிடுவோர் கவனத்திற்கு' என்று அச்சிட்ட அட்டை. உருண்டையைக் கையால் தொடக் கூடாது. நாக்குக்கு அடியில் கரைய விட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி, பச்சை வெங்காயம், கற்பூரம், செண்ட் ஆகாது. இவ்வளவும் அச்சில். அதற்குக் கீழே நீல மையில், பேனாவால், ஒரே ஒரு வார்த்தை: மூக்குப்பொடி.

முப்பது வருஷமாகப் பொடி போடுகிற மனிதர் அந்த வார்த்தையின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏளா, இதென்ன, பொடி மட்டும் பேனாவுல எழுதியிருக்கு?"

"அச்சடிக்கும்போது விட்டுப் போச்சாம்."

"மருந்து சாப்பிடுதது நீ. பொடி போடுதது நானு."

"வாடை வீட்டுக்குள்ளதான சுத்துது. உங்க மூக்கோடயா நிக்குது?"

"காபி கூடாதுன்னு அச்சுலயே போட்டிருக்கு. நீ மூணு வேளை குடிக்கியே."

"சார்ட்ட கேட்டேன். சின்னதுலேருந்து குடிக்கிற காபி உடம்போட சேந்துருமாம். அதுக்கு விலக்கு உண்டுன்னாவ."

"நானும் முப்பது வருஷமா போடுதேன். எனக்கு விலக்கு கெடையாதா?"

"நீங்க மருந்து சாப்பிட்டாக் கேட்டுப் பாக்கலாம்."

அன்று சாயங்காலமே பொடி டப்பா படுக்கையறையை விட்டு வெளியேறியது. அடுத்த வாரம் வீட்டை விட்டே வெளியேறி, வாசலில் கரண்ட் மீட்டர்ப் பெட்டிக்கு மேல் குடியேறியது. அதற்கடுத்த வாரம், "சட்டையில வாடை வருது" என்றாள். கைக்குட்டையைத் தனி வாளியில் போட்டாள். ஆனித் திருவிழாத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபோது, ஊரையே நடுங்கவைக்கிற முத்திரை ஆய்வாளர் அடுத்த தெரு விளக்குக் கம்பத்தின் பின்னால் ஒண்டிக்கொண்டு ஒரு சிட்டிகை இழுக்க வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தார். வாழைமட்டையில் மடித்து வருகிற பொடி மட்டைகளை வீட்டில் மூன்று இடத்தில் ஒளித்து வைத்தார்.

ஒரு விஷயம் அவருக்குச் சந்தேகமில்லாமல் விளங்கிவிட்டது. மருந்து தலைவலிக்கு என்று சொல்லிக் கொடுக்கப்படுகிறது. குறி அவருடைய மூக்கு.

மருந்தும் சந்தேகத்துக்கு உரியதாகத்தான் இருந்தது. குப்பியின் மேல் 200 என்று எழுதியிருந்தது.

"இருநூறுன்னா என்ன? மில்லிகிராமா?"

"அதில்லை. கரைச்சுக் கரைச்சு வெச்சது. எவ்வளவுக்கெவ்வளவு கரைக்காவளோ அவ்வளவுக்கு வேகம் கூடுமாம்."

"கரைச்சா குறையத்தான செய்யும்."

"குறையக் குறையத்தான் கூடும்ங்காவ."

குறையக் குறையக் கூடுகிற சரக்கை வைத்தியலிங்கம் தம் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. அப்படிச் சொன்ன பலசரக்குக் கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறார். அவர்கள் தராசெல்லாம் இப்போது ஆபீஸ் அலமாரியில் இருக்கின்றன. போதாததற்கு, வலி குறைந்தால் மருந்து கேட்கிறது என்றாள் பிரம்மநாயகி. ஒருநாள் வலி கூடியது. மருந்து வேலையைத் தொடங்கினால் முதலில் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்றாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால்? பொறுக்க வேண்டும் என்றாள். எந்தத் தட்டு இறங்கினாலும் எடை சரி என்று காட்டுகிற தராசு அது. கடையில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பறிமுதல் செய்திருப்பார்.

ஆகவே சோதனை. குப்பி முழுவதையும் விழுங்குவது. சாயங்காலம் ஆறு மணி வரை ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருப்பது. பிறகு காலிக் குப்பியை அவள் முன்னால் வைத்து, "இது சீனி. எடு என் டப்பாவ" என்பது. நடுக்கூடத்தில், சாய்வு நாற்காலியில், வீட்டுக்காரனாக உட்கார்ந்து பொடி போடுவது.

பிரம்மநாயகி காய்கறி வாங்கப் போனாள். குப்பி அடுக்களைப் பலகையில் எல்லாவற்றுக்கும் முன்னால், 200 என்ற எண் வெளியே தெரியும்படி நின்றது. அவள் எந்தப் பொருளையும் அப்படி முன்னால் வைக்கிறவள் அல்ல. ஓர் ஆய்வாளர் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்தார். கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டைகள். அண்ணாந்து கொட்டினார். தித்தித்தது. அவர் சந்தேகப்பட்டது போலவே தித்தித்தது.

பத்து நிமிஷம் சௌக்கியமாக இருந்தார். பிறகு வாசலுக்கு வந்தார். வந்திருக்கக் கூடாது.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கோமதிசங்கர் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். மின்சார ஆபீசில் கிளார்க்கு. எந்த விஷயத்தைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"ஏன்வே," என்றார் வைத்தியலிங்கம், எங்கோ பார்த்துக்கொண்டு, "இந்த ஹோமியோபதி மருந்த ஒருத்தன் கூடுதலாத் தின்னா என்னவே ஆகும்?"

"எம்புட்டு கூடுதலா?"

"ஒரு குப்பின்னு வச்சுக்கயேன்."

"முப்பதா, இருநூறா?"

"உருண்டைய எண்ணலைவே."

"உருண்டை இல்ல அண்ணாச்சி. குப்பி மேல நம்பரு போட்டிருக்குமே."

"இருநூறு."

கோமதிசங்கர் தேய்ப்பதை நிறுத்தினான். வாயைக் கொப்பளித்தான். பைய நடந்து சுவர் ஓரமாக வந்தான்.

"தின்னது யாரு?"

"ஆபீஸ்ல ஒருத்தரு பிள்ளை. ஏன்?"

"எங்க சின்ன மாமனாரு இருநூறுல ரெண்டே ரெண்டு உருண்டை கூடத் தின்னுட்டாரு. மூணு நாளு ஒரு பக்கமாச் சாஞ்சே நடந்தாரு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். முதல்ல காதுலேருந்து ஆரம்பிக்கும். சுடும்."

"சுட்டா?"

"சுட்டாப் பரவால்லை. சுட்டுட்டு ஆறும் பாத்தியளா, அப்பதான் ஆளு கவனமா இருக்கணும். பிள்ளைய வெயில்ல விடாதீங்கன்னு சொல்லுங்க."

வைத்தியலிங்கம் உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதிசங்கர் ஒரு மடையன் என்று நினைத்துக்கொண்டார். இடது காதைத் தொட்டுப் பார்த்தார். வலது காதைத் தொட்டார். மறுபடி இடது காதைத் தொட்டார். இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தொட்டு ஒப்பிட்டார். தொழில்முறையாகச் சொன்னால், இடது காது கொஞ்சம் கூடுதல்.

எழுந்து கூடத்தில் நடந்து பார்த்தார். நேராகத்தான் நடந்தார். ஆனால் நேராக நடக்க வேண்டும் என்று நினைத்து நடந்தார். அந்த நினைப்பு இல்லாமல் நடந்தால் எந்தப் பக்கம் போவார் என்பதை அவரால் சோதிக்க முடியவில்லை.

பத்தே முக்காலுக்குப் பாளையங்கோட்டை பஸ்ஸில் இருந்தார். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது இடப்பக்கம் ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்திருப்பதைக் கவனித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே தாமிரபரணியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கிற மனிதர்கள். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று பிரம்மநாயகியிடம் சொல்லி வைக்கவில்லையே என்று தோன்றியது.

இஸ்ரவேல் சார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லியும் அலுத்துப் போகாதவர். வைத்தியலிங்கத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சார், எனக்கொண்ணும் இல்லை. பொதுவா ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா. வர்றவங்களில் பாதிப் பேர் பொதுவான சந்தேகத்துக்குத்தான் வர்றாங்க."

"ஒரு குழந்தை. குப்பி முழுக்கத் தின்னுட்டு."

"வாரத்துக்கு ஒரு தாய் இதே கேள்வியோடு ஓடி வருவாங்க. ஒன்றும் ஆகாது. ஒரு உருண்டை தின்றாலும், ஒரு குப்பி தின்றாலும், ஒரு வேளை மருந்துதான்."

"ஒரு கிராமும் ஒரு கிலோவும் ஒண்ணுதாங்கியளா?"

"இந்த வைத்தியத்தில் எடை கணக்கில்லை ஐயா. எத்தனை தடவை என்பதுதான் கணக்கு."

வேறொரு நாளாக இருந்தால் வைத்தியலிங்கம் அந்த இடத்திலேயே நோட்டுப் புத்தகத்தை எடுத்திருப்பார். இன்றைக்குக் காது சுட்டுக்கொண்டிருந்தது.

"காது சுடுமா சார்?"

"யாருக்கு?"

"குழந்தைக்கு."

"குழந்தையின் சுபாவத்தைப் பொறுத்தது. எங்களுக்கு நோயைவிட ஆளைத் தெரிய வேண்டும். தாழ்ப்பாள் போட்டோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்குமா?"

"மூணு தடவ."

"யாரையும் நம்பாதோ?"

"நம்புததுக்கு யாரு சார் இருக்கா?"

"தன் பொருளை ஒளித்து வைக்குமா?"

"மூணு இடத்துல."

இஸ்ரவேல் சார் பேனாவை மூடினார்.

"குழந்தைக்கு என்ன வயது?"

"அம்பத்தி..." என்றவர் நிறுத்தி, "அஞ்சு சார். அஞ்சு வயசு" என்றார்.

சார் அவருடைய மூக்கையும், சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த காவி படிந்த கைக்குட்டையையும் அமைதியாகப் பார்த்தார். நாற்பது வருஷம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் காரணங்களைக் கேட்டவர்.

"இதை முறிக்க வழி உண்டா சார்?"

"குழந்தையைச் சும்மா விட்டால் போதும். தானே சரியாகும்."

"சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். முறிக்கணும்னா?"

"கற்பூரம், கடுங்காபி, பொடி. வாடை கூடின எதுவும் முறிக்கும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும்."

"பொடியா?"

"பொடிதான். ஒரு அம்மா கேட்டாங்க. அச்சில் விட்டுப் போயிருந்தது. என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஏன் ஐயா, குழந்தை பொடி போடுமா?"

வைத்தியலிங்கம் அதற்குள் படியிறங்கியிருந்தார்.

பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் ஒரு மட்டை வாங்கினார். நின்ற இடத்திலேயே பிரித்தார். இடது மூக்கில் மூன்று, வலது மூக்கில் மூன்று, காதுக்காகத் தனியாக இடது மூக்கில் இன்னொன்று. ஏழு தும்மல் தும்மினார். கண்ணீர் வழிந்தது. காதைத் தொட்டார். ஆறியிருந்தது. ஆறும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று கோமதிசங்கர் சொன்னது ஞாபகம் வந்து இன்னும் இரண்டு போட்டார். ஒரு மாதத்தில் இவ்வளவு நிம்மதியாக அவர் பொடி போட்டதில்லை. ஒளியாமல், மறையாமல், வைத்திய காரணத்துக்காகப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பிரம்மநாயகி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோமதிசங்கர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதியை ஸ்பூனால் வழித்துக் குடித்துக்கொண்டிருந்தான். வைத்தியலிங்கம் அவனைக் கண்டுகொள்ளாமல், காலிக் குப்பியைத் தரையில் டக்கென்று வைத்தார்.

"பாத்துக்க. முழுக்கத் தின்னாச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை. சீனி."

"ஒண்ணும் ஆகலைன்னா பாளையங்கோட்டைக்கு எதுக்குப் போனிய?"

"யாரு போனா?"

"மேலெல்லாம் பொடி வாடை அடிக்கி. வீட்டுல இருந்து போட மாட்டிய. காது சுட்டுச்சாமே."

அவர் கோமதிசங்கரைப் பார்த்தார். கோமதிசங்கர் கிண்ணத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் சுட்டுச்சு," என்றார். "பொடி போட்டேன். நின்னுட்டு."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. பிரம்மநாயகி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப பொடி மருந்தை முறிக்கும்."

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

"முறிக்கும்னா, அட்டையில எழுதியிருக்கது சரிதான."

இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவரைக் கைவிடவில்லை. ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"முறிக்கதுக்கு முதல்ல மருந்துன்னு ஒண்ணு இருக்கணும்லா? அது வெறும் சீனி. நான் முதல்லேருந்து அதத்தான் சொல்லுதேன்."

"ஆமா. சீனிதான்."

"என்னது?"

"வெறும் உருண்டையா ஒரு குப்பி வேணும்னு சார்ட்ட கேட்டு வாங்கினேன். உங்க கண்ணுல படுத மாதிரி வச்சேன். மருந்து அரிசிப் பானைக்குள்ள பத்திரமா இருக்கு. காதுக் கதை மட்டும் எனக்குத் தெரியாது."

"அது நானாச் சேத்தது அண்ணாச்சி," என்றான் கோமதிசங்கர். "மாமனாருக்கு உண்மையிலேயே வாதம்."

வைத்தியலிங்கம் காலிக் குப்பியைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். வெறும் சீனி. சீனிதான் என்றால் அவர் சொன்னது நிரூபணமாகிவிட்டதா? இந்தக் குப்பிக்கு மட்டும் நிரூபணமாகிவிட்டது. பானைக்குள் இருக்கிற குப்பிக்கு ஆகவில்லை. இன்னொரு குப்பியை விழுங்குகிற தெம்பு இப்போது அவரிடம் இல்லை. இருந்தாலும் ஒரு நூலளவு பிடி கிடைத்தது.

"சீனின்னா முறியிறதுக்கு அங்க ஒண்ணுமே கெடையாது. பொடி எதையும் முறிக்கலை. எடு டப்பாவ."

"சரி. அப்படியே எழுதிரலாம்," என்றாள் அவள்.

உள்ளே போய் இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்தாள். அவருடைய ஆபீஸ் காகிதம். மேலே கொட்டை எழுத்தில் மகஜர் என்று இருந்தது. முதல் காகிதத்தில், 'வெறும் சீனி உருண்டையைத் தின்றுவிட்டு, உயிருக்குப் பயந்து, __________ க்கு ஓடினேன்' என்று எழுதி இடம் விட்டிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே அந்த இடத்தில் 'பாளையங்கோட்டை' என்று நிரப்பினாள். இரண்டாவதில், 'மூக்குப்பொடி மருந்தை முறிக்கும் என்று சொந்த அனுபவத்தில் அறிந்துகொண்டேன். ஆகையால் கீழ்க்கண்டவற்றை ஒப்படைக்கிறேன். தகர டப்பா ஒன்று, மீட்டர்ப் பெட்டி மேல். மட்டை மூன்று. ஒன்று குடைக்குள், ஒன்று சாமி படத்துக்குப் பின்னால், ஒன்று ஆபீஸ் தராசுப் பெட்டிக்குள்.' இரண்டிலும் சாட்சி, கோமதிசங்கர்.

"எதுல வேணும்னாலும் போடுங்க. ஏதாவது ஒண்ணு," என்றாள். "முதல்லதுல போட்டா டப்பா உங்களுக்கு. ஆனா நகல் ஒண்ணு சேரன்மாதேவி சந்தைக்குக் குடுத்தனுப்பணும். உங்க வழக்கம்லா."

கோமதிசங்கர், "திங்கக்கிழமை எனக்கு அங்கன வேலை இருக்கு" என்றான்.

வைத்தியலிங்கம் கோணிக்குள் தராசைச் சுருட்டுகிற அத்தனை முகங்களையும் நினைத்துப் பார்த்தார். இனிமேல் அவர் சைக்கிள் திரும்பினால் யாரும் சுருட்ட மாட்டார்கள். காது சௌக்கியமா சார் என்று கேட்பார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார். "ஒனக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

"விட்டுப் போயி மூணு வாரம் ஆச்சு."

"மருந்துலயா? பொடி வாடை இல்லாததுலயா?"

"அத யாரு கண்டா? நீங்கதான் ஆய்வாளரு."

அவருக்கு அதற்கு அறிக்கை எழுதத் தெரியவில்லை. இரண்டாவது காகிதத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார். பழக்கதோஷத்தில் கீழே தேதி போடப் போனார். தேதி ஏற்கெனவே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏளா, இது நேத்துத் தேதி."

"ஆமா," என்றாள் பிரம்மநாயகி, காகிதத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே. "வந்து உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா ஆள் கூடிரும்லா."